கத்தியைப் பிடுங்கினவன் சொன்னா இந்தக் கதை எப்படி இருக்கும்?

1/
கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க. பேய்க்கதைதான். ஆனா நடுவுல ஒரு ரத்தப் பை வரும், ஒரு பச்சை உடம்புக்காரி வருவாங்க. வீட்ல சமீபத்துல குழந்தை பெத்த பொண்ணு இருந்தா தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

(நோயாளிகள் யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
முத்தாபுதுப்பேட்டையில எனக்கு சாயங்கால ஓபி. விமானப்படை நிலையத்துக் குடும்பங்கள், மிட்டனமல்லி, பாலவேடு பக்கத்து ஜனங்க, ஆவடி தொழிற்சாலைகள்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவங்கன்னு எல்லாரும் கலந்து வருவாங்க. போன மழைக்காலத்துல ஒரு நாள் கடையைக் கட்டுற நேரம். ஒரு மாமியார் மருமகளைக் கூட்டிட்டு வந்தாங்க. மருமகளுக்கு 26 வயசு. குழந்தை பிறந்து 24 நாள். நாற்காலியில உக்கார்ந்ததுமே அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சிடுச்சு.

"ராத்திரியில யாரோ நெஞ்சு மேல ஏறி உக்கார்ற மாதிரி இருக்கு சார். மூச்சு முட்டுது. ஏதோ ஆகப்போகுதுன்னு பயமா இருக்கு."

3/
மாமியார் குறுக்க வந்தாங்க. "பத்து நாளா இதே பாட்டுதான் தம்பி. முதல்ல அமுக்குவான் பேயா இருக்கும்னு மந்திரிச்சுக்கூட பார்த்தாச்சு. இப்பதான் புரியுது. ராத்திரி குழந்தைக்கு எழுந்திருக்க சோம்பல். எல்லாம் நீலிக் கண்ணீர்."

அந்த அம்மா கெட்டவங்க இல்ல. பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, வெந்நீர்னு பார்த்துப் பார்த்துத்தான் செஞ்சிருக்காங்க. மந்திரிச்சும் சரியாகலைன்னதும் அவங்களுக்குத் தெரிஞ்ச அடுத்த விளக்கம் அதுதான்.

4/
நீலிக் கண்ணீர்னு நாம எல்லாரும் சொல்றோம். போலி அழுகைன்னு அர்த்தம். அந்த நீலிக்கு ஊர் எது தெரியுமா? ரொம்ப தூரம் இல்ல. ஆவடியில அரக்கோணம் வண்டி ஏறுங்க. திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் தாண்டினா திருவாலங்காடு. அதை ஒட்டி இருக்கிற பழையனூர்தான் நீலி ஊர். என் ஓபிக்கு வர்றவங்கள்ல சிலருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரங்களே இருக்காங்க.

டிராகுலா பார்க்க ருமேனியா போக வேண்டாம். நம்ம ரத்தக் காட்டேரி இதே ரயில் தடத்துலதான் இருக்கா.

5/
கதை ரொம்பப் பழசு. சம்பந்தர் தன்னோட திருவாலங்காட்டுப் பதிகத்துலயே இதைத் தொட்டுட்டுப் போறார். 14ஆம் நூற்றாண்டுல உமாபதி சிவம் எழுதின சேக்கிழார் புராணத்துல இது சொல் தவறாத வேளாளர்களோட பெருமையா வருது. அதுக்கப்புறம் கதைப்பாட்டு, கூத்து, நாடகம்னு பல வடிவம். ஏட்டுக்கு ஏடு, ஊருக்கு ஊர் விவரம் மாறும். நான் எங்க ஆயா சொன்ன மாதிரி சொல்றேன்.

6/
போன பிறவியில ஒருத்தன் தன் பொண்டாட்டியை நம்ப வெச்சு, திருவாலங்காட்டுக் காட்டுல கொன்னுட்டான். அவ பேயா அலைஞ்சா. அடுத்த பிறவியில அவன் வணிகனா பிறந்தான். ஜாதகத்துல கண்டம் இருக்குன்னு அவன் அப்பா ஒரு மந்திரக் கத்தியைக் கொடுத்து, "இது மடியில இருக்கிற வரைக்கும் எதுவும் உன்னை அண்டாது, எங்கேயும் கழட்டாதே"ன்னு சொல்லி வெச்சார்.

வியாபாரத்துக்குப் போறப்போ பழையனூர் வழியில நீலி அவனைப் பார்த்துட்டா. அழகான பொம்பளையா மாறினா. ஒரு கள்ளிக் கொப்பை ஒடிச்சு, அதைக் குழந்தையாக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு பின்னாலயே வந்தா.

7/
அவன் ஓடிப்போய் பழையனூர் வேளாளர்கள் சபையில விழுந்தான். எழுபது பேர். அவளும் வந்து, "நான் இவர் பொண்டாட்டி, என்னைக் கைவிடப் பார்க்கிறார்"னு அழுதா. குழந்தை அவனை அப்பான்னு கூப்பிட்டுது. சபை அவளை நம்பிடுச்சு. கத்தியை வாங்கி வெச்சுட்டு ரெண்டு பேரையும் ராத்திரி ஒரே அறையில தங்கச் சொன்னாங்க. "உனக்கு ஏதாவது ஆனா நாங்க எழுபது பேரும் உயிரை விடுறோம்"னு வணிகனுக்கு வாக்குக் கொடுத்தாங்க.

காலையில பார்த்தா அவன் பிணம். ரத்தத்தைக் குடிச்சுட்டுப் போயிட்டாம்பாங்க எங்க ஆயா. எழுபது பேரும் சொன்ன சொல் காப்பாத்த தீயில இறங்கினாங்க. அவங்க நினைவா இன்னிக்கும் அங்க மண்டபம் இருக்கு. பக்கத்துல சாட்சி பூதேஸ்வரர் கோயிலும் இருக்கு.

8/
சின்ன வயசுல இந்தக் கதையைக் கேட்டப்போ எனக்கு நீலியை நினைச்சுத்தான் பயம். பள்ளிக்கூடத்துல கேட்டப்போ வேளாளர்களை நினைச்சுப் பெருமை. டாக்டரான பிறகு என் கண்ணு வேற ஒருத்தன் மேல போய் நின்னுடுச்சு. கதையில அவனுக்குப் பேர்கூட கிடையாது. எழுபது பேர்ல யாரோ ஒருத்தன் எழுந்து போய் அந்த வணிகன் மடியிலேர்ந்து கத்தியை எடுத்திருக்கணும் இல்லையா? அவன்.

அவன் வாயால இந்தக் கதையைச் சொன்னா எப்படி இருக்கும்? அடுத்த மூணு பதிவும் என் கற்பனை.

9/
"நான் எழுபதுல ஒருத்தன். அன்னிக்கு விளக்கு வைக்கிற நேரம். ஒரு வியாபாரி தலைதெறிக்க ஓடி வந்தான். 'என்னைக் காப்பாத்துங்க, பின்னால வர்றது பொம்பளை இல்ல, பேய்'னான். யாருக்குமே சிரிப்பை அடக்க முடியலை. பின்னாலயே அவ வந்தா. தலை கலைஞ்சு, கால்ல முள்ளு கிழிச்சு, இடுப்புல குழந்தை. இறக்கி விட்டா. அது தத்தித் தத்திப் போய் அவன் காலைக் கட்டிக்கிட்டு அப்பான்னுது.

அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அவ பக்கம் கண்ணீர் இருக்கு, குழந்தை இருக்கு, கேட்டதுக்கெல்லாம் பதில் இருக்கு. அவன் பக்கம் பயம் ஒண்ணுதான். எதுக்கு பயப்படுறேன்னு கேட்டா ஒழுங்கா சொல்லவும் தெரியலை."

10/
"ராத்திரி ஒண்ணா தங்கட்டும், விடிஞ்சா பேசிக்கலாம்னு பெரியவங்க சொன்னாங்க. அவ கேட்டா, 'ஐயா, அவர் மடியில கத்தி இருக்கு, என்னைக் குத்திட்டா?' நியாயமான கேள்விதானே? நான்தான் எழுந்து போனேன். அவன் கை கத்தி மேலேயே இருந்தது. விரல் விரலா பிரிச்சேன். கை ஜில்லுன்னு இருந்தது, பொட்டுப் பொட்டா வேர்த்திருந்தது. 'எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதாங்க'ன்னான். 'கட்டின பொண்டாட்டி கூடப் படுக்க எதுக்குய்யா கத்தி'ன்னேன். சபையே சிரிச்சுது. 'பயப்படாதே, ஒண்ணும் ஆகாது, நாங்க எழுபது பேர் இருக்கோம்'னோம். கதவைச் சாத்தினதும் நான்தான்."

11/
"ராத்திரி உள்ளே ஏதோ சத்தம் கேட்டுது. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். காலையில கதவைத் திறந்தா அவன் கிடக்கிறான். குழந்தை இருந்த இடத்துல ஒரு கள்ளிக் கொப்பு.

தீ மூட்டினப்போ எனக்கு நீலி மேல கோவம் வரலை. அவ பேய். பேய் செய்யறதை செஞ்சா. அவன்கிட்ட இருந்த ஒரே காவலை எடுத்தது நான். கெட்ட எண்ணத்துல எடுக்கலை. ஒரு பொம்பளையைக் காப்பாத்தறேன்னு நினைச்சுத்தான் எடுத்தேன். அவன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்குன்னு ஒரு தடவை யோசிச்சிருக்கலாம்."

12/
கற்பனை முடிஞ்சுது. இதே ஆள் டிராகுலாவுலயும் இருக்கான்னு சொன்னா நம்புவீங்களா? பிராம் ஸ்டோக்கர் எழுதின நாவல், 1897. லூசின்னு ஒரு பொண்ணு நாளுக்கு நாள் ரத்தம் குறைஞ்சு வெளுத்துப் போறா. வான் ஹெல்சிங்ங்கிற பெரிய டாக்டர் வர்றார். அவளோட அறை பூரா பூண்டுப் பூவை வெச்சு, கழுத்துலயும் மாலையா போட்டு, ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறார். மறுநாள் காலையில லூசியோட அம்மா சந்தோஷமா வந்து சொல்றாங்க. "ஒரே புழுக்கமா இருந்துது, அந்தப் பூவெல்லாம் ஒரே நாத்தம். எல்லாத்தையும் எடுத்துட்டு ஜன்னலையும் கொஞ்சம் திறந்து விட்டேன்"ங்கிற மாதிரி. அன்னிக்கு ராத்திரி டிராகுலா வந்துட்டுப் போயிட்டான்.

13/
பூண்டை எடுத்தது அம்மா. பாசத்தாலதான் எடுத்தாங்க. கவனிச்சுப் பாருங்க, தப்பு அவங்களோடது மட்டும் இல்ல. அவங்களுக்கு இதய நோய். அதிர்ச்சி தாங்காதுன்னு டாக்டர்கள் அவங்ககிட்ட எதையுமே விளக்கலை. அந்தப் பூ எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்களா? படிச்சவங்க எல்லாரும் "ஐயோ அந்த அம்மா"ன்னு தலையில அடிச்சுக்குவாங்க. வாயைத் திறக்காத டாக்டர்களை யாரும் கேட்க மாட்டாங்க. நான் ஒரு டாக்டருங்கிறதால எனக்கு அது உறுத்துது.

14/
அந்த நாவல்ல டாக்டர்கள் கண்ல படவேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கு. லூசிக்கு நாலு ஆம்பளைங்க அடுத்தடுத்து ரத்தம் கொடுக்கிறாங்க. ஆர்தர், டாக்டர் சீவார்ட், வான் ஹெல்சிங், குயின்சி. யாருக்கு என்ன குரூப்னு யாரும் பார்க்கலை. பார்க்கவும் முடியாது. ரத்தத்துல வகை இருக்குங்கிறதை கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடிச்சு வெளியிட்டது 1901ல. அதுக்கு அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது 1930ல. ஸ்டோக்கர் எழுதினப்போ உலகத்துக்கே அது தெரியாது. நாலு பேர் ரத்தத்தையும் தாங்கிக்கிட்ட லூசி, டிராகுலாவால செத்தாளேன்னு எங்க கல்லூரியில கிண்டல் பண்ணுவோம்.

அந்தக் கிண்டல் எனக்கு நின்னு போன நாள் ஒண்ணு இருக்கு.

15/
நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். ஒரு பிரசவ வார்டு. எந்த ஆஸ்பத்திரிங்கிறது வேண்டாம். தப்பு என்னோடது. ராத்திரி ரெண்டு மணி. பக்கத்து பக்கத்துக் கட்டில்ல ரெண்டு அம்மாக்கள். ரெண்டு பேருக்கும் ஒரே பேர். ஒருத்தருக்கு ரத்தம் ஏத்தணும். நான் பையில இருந்த பேரையும் கேஸ் ஷீட்ல இருந்த பேரையும் சரிபார்த்தேன். பொருந்துச்சு. ஆனா அந்த கேஸ் ஷீட் கட்டில் மாறி இருந்தது. "உங்க பேர் என்னம்மா, புருஷன் பேர் என்ன?"ன்னு கேட்டிருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். நான் கேட்கலை. பேரைச் சொல்லி "நீங்கதானே?"ன்னேன். தூக்கக் கலக்கத்துல அந்த அம்மா தலையாட்டினாங்க.

16/
ரத்தம் இறங்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். அந்த அம்மா என் கையைப் பிடிச்சாங்க. "டாக்டர், என்னமோ பண்ணுது. பயமா இருக்கு. எனக்கு ஏதோ ஆகப்போகுது."

அவங்க கை ஜில்லுன்னு இருந்தது.

நான் சொன்னேன், "பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது. ரத்தம் ஏறினா தெம்பு வரும்." அவங்க கையில இருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தாங்க. நான் அவங்க விரலைப் பிரிச்சு எடுத்துட்டு, பக்கத்துல நின்ன உதவியாளர்கிட்ட "கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கக்கா"ன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன்.

17/
அடுத்த கட்டில்ல இருந்த பொண்ணுக்குத் துணையா ஒரு பாட்டி தரையில படுத்திருந்தாங்க. எழுந்து உக்கார்ந்து கேட்டாங்க, "ஏம்ப்பா, எம்பேத்திக்குத்தான ரத்தம் ஏத்தணும்னீங்க? அந்தப் பொண்ணுக்கு எதுக்கு ஏத்தறீங்க?"

எனக்குக் கால் நகரலை. ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான் ஓடிப்போய் ரத்தத்தை நிறுத்தினாங்க. டியூபை மாத்தி சலைன் போட்டாங்க, பெரிய டாக்டரைக் கூப்பிட்டாங்க. அதுக்குள்ள அந்த அம்மாவுக்கு நடுக்கம், முதுகு வலி. பிபி இறங்கிடுச்சு. காலையில சிறுநீர் கறுப்பு டீ மாதிரி வந்துது.

18/
என்ன நடந்துதுன்னு எளிமையா சொல்றேன். நம்ம ரத்தத்துக்குச் சேராத குரூப் உள்ளே வந்தா, நம்ம உடம்புல ஏற்கெனவே இருக்கிற எதிர்ப்புப் புரதங்கள் அந்தச் சிவப்பணுக்களை உடனே உடைச்சுப் போட்டுடும். உடைஞ்ச சரக்கு ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரத்தம் உறையற ஒழுங்கே குலைஞ்சு போகலாம். உயிரும் போகலாம். இதுக்கு முழுப் பையும் இறங்க வேண்டியதில்ல, கொஞ்சமே போதும். அதனாலதான் முதல் 15 நிமிஷம் மெதுவா விட்டு, பக்கத்துலயே நின்னு பார்க்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க.

19/
இதோட ஆரம்ப அறிகுறிகள்னு பாடப் புத்தகத்துல ஒரு பட்டியல் உண்டு. காய்ச்சல், குளிர், ஊசி போட்ட இடத்துல வலி, இடுப்பு வலி. அதே பட்டியல்ல இன்னொண்ணும் இருக்கு. "ஏதோ கெட்டது நடக்கப்போகுதுங்கிற உணர்வு." பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். மாரடைப்பு, கடுமையான ஒவ்வாமை, நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைக்கிறதுன்னு வேற பல ஆபத்துகள்லயும் இது வரும். மானிட்டர் சத்தம் போடுறதுக்கு முன்னாடியே சில நேரம் உடம்பு தனக்கு ஆபத்துன்னு சொல்லிடும். சொல்ற விதம்தான் பயம்.

அந்த அம்மா பாடப் புத்தகத்துல இருக்கிறதை அப்படியே சொன்னாங்க. நான் அவங்க விரலைப் பிரிச்சேன்.

20/
அவங்க பிழைச்சுட்டாங்க. மூணு நாள் மணிக்கு மணி சிறுநீரை அளந்துக்கிட்டு உக்கார்ந்திருந்தோம். சிறுநீரகம் தாக்குப்பிடிச்சிடுச்சு. நாலாவது நாள் எங்க பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நடந்ததை நீயே போய் அவங்ககிட்ட சொல்லு. மறைக்காம சொல்லு"ன்னார். போய்ச் சொன்னேன். குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு கேட்டாங்க. திட்டலை. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க.

"நான்தான் சொன்னேனே டாக்டர்."

21/
பழையனூர் வேளாளர்கள் மேல எனக்கு மரியாதை வந்தது அதுக்கப்புறம்தான். "ஒண்ணும் ஆகாது"ங்கிற வார்த்தையை நான் ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்றேன். எனக்கு அதுல ஒரு பைசா செலவில்ல. அவங்க அதே வார்த்தையைச் சொன்னப்போ எழுபது உயிரைப் பணயமா வெச்சாங்க, தப்பானதும் கொடுத்தாங்க. சாகறது நியாயமான்னு கேட்காதீங்க, இது கதை. ஆனா "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்களுக்கு அதுல ஏதாவது பங்கு இருக்கணும். குறைஞ்சபட்சம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்.

22/
இந்தக் கதையிலேர்ந்து ஊர் கத்துக்கிட்டது என்ன? "பொம்பளை கண்ணீரை நம்பாதே." அதுலேர்ந்துதான் நீலிக் கண்ணீர்ங்கிற சொல்லே வந்துது. நான் கத்துக்கிட்டது வேற. அந்தச் சபையில கேட்கப்படாம போனது பயந்தவனோட பேச்சு. போன பிறவியில காட்டுல கேட்கப்படாம போனது கொலையான பொண்ணோட பேச்சு. ஆம்பளையோ பொம்பளையோ, பயப்படுறவங்க பேச்சை யாரும் கேட்காததாலதான் இந்தக் கதையில ரெண்டு தடவையும் சாவு விழுந்துது.

இன்னொண்ணு. காரைக்கால் அம்மையாரும் பேயுருதான். அவங்க வந்து சேர்ந்ததும் இதே திருவாலங்காடுதான். ஒரே ஊர்ல ஒரு பேயை அம்மைன்னு கும்பிடறோம், இன்னொரு பேயோட பேரை அழுற பொண்ணுங்க வாயை அடைக்க வெச்சிருக்கோம்.

23/
சரி, நம்ம 26 வயசுப் பொண்ணுக்கு வர்றேன். பரிசோதிக்கலாம்னு படுக்கச் சொன்னேன். அதுக்குப் படுக்க முடியலை. படுத்த உடனே மூச்சு வாங்கி எழுந்து உக்கார்ந்துடுச்சு. புடவை மடிப்புல ஏதோ தட்டுப்பட்டுது. மாமியார் கூச்சத்தோட சொன்னாங்க, "பச்சை உடம்பு, இருட்டுல வெளிய வர்றா, அதான் தம்பி ஒரு சின்னக் கத்தி கொடுத்து விட்டேன். எடுத்துடச் சொல்லட்டுமா?"

முன்னாடியெல்லாம் நான் "இந்தக் காலத்துல இதென்னம்மா"ன்னு சிரிச்சிருப்பேன். அன்னிக்கு சொன்னேன், "உறையோட பத்திரமா இருக்குன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. நான் நெஞ்சை மட்டும் பார்க்கிறேன்."

24/
நாடித்துடிப்பு 124. ஆக்சிஜன் 91. ரெண்டு நுரையீரலோட அடிப்பாகத்துலயும் நீர் கோத்த சத்தம். கணுக்கால்ல அழுத்தினா குழி விழுந்துது. "எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறே?"ன்னு கேட்டேன். "மூணு சார். அதுக்கும் மேல முடியலைன்னா சுவத்துல சாய்ஞ்சு உக்கார்ந்துக்குவேன்."

இது சோம்பலும் இல்ல, அமுக்குவான் பேயும் இல்ல. இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்துக்கிறது. அன்னிக்கு ராத்திரியே ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எக்கோவுல இதயத்தோட பம்ப் சக்தி 30 சதவீதம்னு வந்துது. சாதாரணமா 55க்கு மேல இருக்கணும்.

25/
இதைப் பிரசவகால இதயத்தசை பலவீனம்னு சொல்லலாம். பிரசவத்துக்கு முந்தின கடைசி மாசத்துலேர்ந்து, பிரசவமாகி அஞ்சு மாசம் வரைக்கும் வரலாம். முன்னாடி இதயக் கோளாறே இல்லாத பொண்ணுங்களுக்கும் வரும். அபூர்வம்தான். ஆனா "குழந்தை பெத்த அசதி", "ரத்தசோகை", "பயம்"னு நாள் கடத்தினா ஆபத்து. சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்துலயே நிறைய பேர் தேறி வர்றாங்க.

கவனிக்க வேண்டியது:
• மல்லாந்து படுக்க முடியாம தலையணை கூடிட்டே போறது
• தூக்கத்துல மூச்சு முட்டி எழுந்திருக்கிறது
• படுத்தா வர்ற இருமல்
• கால் வீக்கம் குறையாம கூடுறது
• சும்மா இருக்கும்போதே படபடப்பு

இதுல எது இருந்தாலும் காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க.

26/
அதே மாதிரி, உங்க வீட்ல யாருக்காவது ரத்தம் ஏத்தினா கூச்சப்படாம கேளுங்க. பையில இருக்கிற பேரு, குரூப், நம்பர் எல்லாம் சரியான்னு உங்க முன்னாடி பார்க்கச் சொல்லுங்க. நோயாளி வாயாலேயே அவங்க பேரைச் சொல்ல வையுங்க. முதல் 15 நிமிஷம் பக்கத்துலயே இருங்க. குளிருது, முதுகு வலிக்குது, பயமா இருக்குன்னு சொன்னா உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. நல்ல டாக்டரோ நர்ஸோ இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. அன்னிக்கு எங்களைக் காப்பாத்தினது தரையில படுத்திருந்த ஒரு பாட்டியோட கேள்விதான்.

27/
நேர்மையா ஒண்ணு சொல்லணும். பயமா இருக்குன்னு வர்ற எல்லாருக்கும் இதய நோய் இருக்காது. நிறைய பேருக்கு அது மனப்பதற்றம்தான். அதுவும் நிஜமான வியாதிதான், அதுக்கும் வைத்தியம் உண்டு. குழந்தை பெத்த பிறகு வர்ற மனச்சோர்வும் அப்படித்தான். ஆனா "வெறும் பயம்"னு சொல்றதை பரிசோதிச்ச பிறகு சொல்லலாம். முன்னாடி சொன்னா அது வைத்தியம் இல்ல, பழையனூர் சபைத் தீர்ப்பு.

28/
அந்தப் பொண்ணு ரெண்டு மாசம் கழிச்சு வந்தா. மாத்திரை இன்னும் நிறைய நாள் சாப்பிடணும், அடுத்த குழந்தை பத்தி இதய டாக்டரைக் கேட்காம முடிவு பண்ணக் கூடாது. அதெல்லாம் தெளிவா எழுதிக் கொடுத்திருந்தாங்க. இப்ப ஒரு தலையணையில தூங்கறாளாம். மாமியார் குழந்தையை வெச்சுக்கிட்டு வெளியிலயே நின்னாங்க. உள்ள வரச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தம்பி"ன்னாங்க.

"நீங்கதானம்மா கூட்டிட்டு வந்தீங்க"ன்னேன். உண்மைதான். நம்பாமலேயே ஆனாலும், மழையில ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வந்தது அவங்கதான். நான் அன்னிக்கு வார்டுல செஞ்சதை விட அது எவ்வளவோ மேல்.

அந்த அம்மாகிட்ட சொன்னதையே உங்ககிட்டயும் சொல்லி முடிச்சுக்கறேன். வீட்ல யாராவது "பயமா இருக்கு"ன்னு சொன்னா, முதல்ல அவங்க கையைத் தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்க.

தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க.